நிலாவிலிருந்து வந்த 382 கிலோ: ஒரு வரவு செலவுப் பார்வை

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. நம் நாட்டு நேரப்படி காலை எட்டரை மணிக்குச் சற்று முன்பாக நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வாத்தியார் ரேடியோவில் கேட்ட சேதியைச் சொன்னதும் வீட்டுக்கு ஓடினேன். தாத்தா அரிசி மண்டி வைத்திருந்தவர், நித்தம் ஜினாலயம் போகிறவர். "சந்திரன் ஜோதிஷ்க தேவர்களோட விமானம்டா. அதுல மனுஷன் போய் எப்படிக் கால் வைக்கறது?" என்றார். நம்பவே இல்லை. ஆனாலும் வியாபாரி அல்லவா? நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "சரி, போனான்னே வச்சுக்க. என்னடா கொண்டாந்தான்?" என்று கேட்டார். கல்லும் மண்ணும் என்றேன். "அதுக்கா இத்தனை செலவு?"

அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. தாத்தா வழியில் நானும் தானிய வியாபாரத்திலேயே காலம் தள்ளியவன். விஞ்ஞானம் படித்தவன் இல்லை. கடையை அடைத்த பிறகு படித்ததுதான். அன்பர்கள் பிழை பொறுக்க வேண்டும்.

முதலில் செலவு. அப்போலோ திட்டம் முடிந்ததும் 1973இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த கணக்கு சுமார் 2,540 கோடி டாலர். உச்சக் கட்டத்தில் நான்கு லட்சம் பேர் வேலை செய்தார்கள். வரவு என்ன? 1969 முதல் 1972 வரை ஆறு முறை இறங்கினார்கள், பன்னிரண்டு பேர் நடந்தார்கள், 382 கிலோ கல்லும் மண்ணும் வந்தன. இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. கென்னடி 1961 மே மாதம் இந்தத் திட்டத்தை அறிவித்ததற்குக் காரணம் கல் அல்ல. ஏப்ரல் 12ஆம் தேதி ககாரின் பூமியைச் சுற்றிவிட்டார். ரஷ்யாக்காரனை முந்த வேண்டும், அவ்வளவுதான். ஆக, கல் என்பது கணக்கில் எதிர்பாராத வரவு.

மண்தானே வேண்டும், மெஷினை அனுப்பினால் போதாதா? ரஷ்யர்கள் அதைத்தான் செய்தார்கள். லூனா 16, 20, 24 என்ற மூன்று ஆளில்லாக் கலங்கள் 1970க்கும் 1976க்கும் இடையே மண் எடுத்து வந்தன. மூன்றும் சேர்த்துச் சுமார் 300 கிராம்! 2020இலும் 2024இலும் போன சீனக் கலங்கள் தலா இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொண்டு வந்தன. மகத்தான காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எடையை விட முக்கியமான ஒன்று உண்டு: பொறுக்கி எடுப்பது. மெஷின் தன் கைக்கு எட்டியதை எடுக்கும். மண்டியில் பழகியவன் பத்து மூட்டையைத் தாண்டிப் போய்ப் பதினோராவதில் கை வைப்பான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

1971 ஜூலை, ஆகஸ்டில் அப்போலோ 15 பயணம். டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் புவியியல் பேராசிரியர் லீ சில்வரிடம் கல் பார்க்கப் பாடம் கேட்டவர்கள். முதல் நாள் வண்டியில் திரும்புகிறார்கள். நேரமாகிவிட்டது, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையம் நிற்க விடாது. வழியில் துளைத்துளையாக ஒரு கருங்கல் ஸ்காட் கண்ணில் பட்டது. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? சீட் பெல்ட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று சாக்குச் சொல்லி வண்டியை நிறுத்தினார். இர்வின் பக்கத்துப் பள்ளங்களை வர்ணித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, ஸ்காட் இறங்கி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். 'சீட் பெல்ட் கல்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பொய்யாமையை விரதமாகக் கொண்ட மரபில் வந்தவன் நான். அந்தப் பொய்யை மட்டும் என்னால் கண்டிக்க முடியவில்லை.

மறுநாள் அவர்கள் எடுத்தது வெளிறிய சின்னக் கல், 269 கிராம். அனார்த்தோசைட் என்ற வகை. வயது நானூறு கோடி ஆண்டுக்கு மேல். ஏன் இவ்வளவு பேச்சு? அப்போலோ 11 மண்ணில் கிடந்த வெள்ளைத் துணுக்குகளைப் பார்த்தே 1970இல் ஜான் வுட் குழுவினர் ஒன்று சொல்லியிருந்தார்கள். ஆதியில் நிலவின் மேற்பகுதி உருகிய பாறைக் கடலாக இருந்தது, அதில் லேசான தாதுக்கள் பால் ஆடை போல மேலே மிதந்து படிந்தன, நிலவின் வெளுத்த மேட்டுநிலம் அதுவே என்று. ஸ்காட் கண்ட கல் அதற்குப் பலம் சேர்த்தது.

இப்போது நாமக்கல் மாவட்டத்துக்கு வாருங்கள். சந்திரயான் இறங்கு கலத்தையும் அதன் வண்டியையும் சோதிக்க நிலவு மண் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. வெளிநாட்டில் வாங்கினால் விலை கட்டாது. நிலவின் மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்று அப்போலோ கற்கள் சொல்லிவிட்டதால், நம்மிடம் அந்தப் பாறை எங்கே என்று தேடினால் போதும். சித்தம்பூண்டி வட்டாரத்தில் இருந்தது! அதை இடித்து அரைத்துத்தான் இஸ்ரோ மண் செய்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 தென்துருவப் பகுதியில் இறங்கியது. பிரக்யான் வண்டி 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. 2024இல் வெளிவந்த முடிவு: அங்கேயும் அனார்த்தோசைட் வகை மண்தான், உருகிய கடல் கருத்துக்கு இன்னொரு சாட்சி. ஆள் போய்ப் பொறுக்கிய கல் ஐம்பது வருஷம் கழித்து ஆளில்லா வண்டிக்கு வழி காட்டியிருக்கிறது.

இன்னொன்று. 1972 டிசம்பரில் அப்போலோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட் ஒருவர்தான் அங்கே நடந்த புவியியலாளர். ஷார்ட்டி என்ற பள்ளத்தருகே ஆரஞ்சு நிற மண்ணைக் கண்டார். எரிமலை கக்கிய நுண்ணிய கண்ணாடி மணிகள். நிலவு சுத்தமாக வறண்டது என்றுதான் அப்போது முடிவு கட்டினார்கள். 2008இல் நுட்பமான கருவிகளால் அப்போலோ 15, 17 மணிகளை மறுபடி பார்த்தபோது உள்ளே நீரின் தடயம் இருந்தது. அதே வருஷம் கிளம்பிய நம் சந்திரயான் 1, மேற்பரப்பிலும் நீர்க்கூறு உண்டு என்று 2009இல் காட்டியது. ஷ்மிட்டும் செர்னனும் மண்ணுக்குள் அடித்து எடுத்த ஒரு குழாயை நிலவிலேயே காற்றுப் புகாமல் மூடினார்கள்; 2022இல்தான் திறந்தார்கள். மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் எங்கள் ஊசி மாதிரிதான் அந்தக் குழாயும். மாதிரிப் பொட்டலத்தை நாங்கள் பேரம் முடியும்வரை வைப்போம். இவர்கள் பிறக்காத பிள்ளைகளுக்காக வைத்தார்கள். இதற்கு என்ன விலை போடுவது?

இது வரை வரவுப் பக்கம். செலவுப் பக்கத்தில் டாலர் மட்டுமா இருக்கிறது?

அதே ஸ்காட் நிலவை விட்டுக் கிளம்பும் முன் சிறு அலுமினிய உருவம் ஒன்றையும், உயிர்நீத்த 14 விண்வெளி வீரர்களின் பெயர் பொறித்த தகட்டையும் மண்ணில் வைத்தார். அமெரிக்கர், ரஷ்யர் பேதம் இல்லை. நம் ஊர் நடுகல்லையும் நிசீதிகையையும் படித்துப் பழகிய கண்ணுக்கு அது என்ன என்று உடனே புரியும். அதற்குப் பிறகு சாலஞ்சரில் எழுவர் (1986), கொலம்பியாவில் கல்பனா சாவ்லா உட்பட எழுவர் (2003). இவர்கள் அபாயம் தெரிந்து போனவர்கள். 1957 நவம்பரில் ஸ்புட்னிக் 2இல் வைத்து அனுப்பிய லைகா என்ற நாய்க்கு என்ன தெரியும்? திரும்பி வர ஏற்பாடே செய்யவில்லை. சில மணி நேரத்திலேயே வெப்பத்தால் இறந்துவிட்டது என்பதை 2002இல்தான் வெளியே சொன்னார்கள். அந்தப் பணியில் இருந்த ஒலெக் கசென்கோ 1998இல் தன் மனம் வருந்துவதாகவும், அந்தச் சாவை நியாயப்படுத்தும் அளவுக்கு எதையும் கற்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அப்போலோ 17இல் ஐந்து சுண்டெலிகள் போயின. நாலு உயிரோடு வந்தன. வந்ததும் கொன்று அறுத்துப் பார்த்தார்கள். ஸ்காட் எடுத்த கல்லை நான் வரவில் எழுதுவேன். இவற்றை எந்த வரவாலும் நேர் செய்ய என் மனம் ஒப்பவில்லை.

நம் நாடு இப்போது ககன்யான் வேலையில் இருக்கிறது. ராகேஷ் சர்மா 1984இல் போனார், சுபான்ஷு சுக்லா 2025இல் போய் வந்தார். இரண்டும் வெளிநாட்டுக் கலங்கள். சொந்தக் கலத்தில் ஆளை அனுப்பும் திட்டத்தின் மதிப்பீட்டை 2024இல் மத்திய அரசு 20,193 கோடி ரூபாயாக உயர்த்தியது. பணம் அதிகம்தான், ஆனாலும் போக வேண்டும் என்பதே என் கட்சி. போகிறவர் கல் பார்க்கவும் கற்றுக்கொண்டு போக வேண்டும். முன்னோட்டத்துக்கு விலங்குகளை வைக்காமல் வியோமமித்ரா என்ற பெண் உருவ ரோபோவை அனுப்புவதாக இஸ்ரோ சொன்னபோது நிம்மதியாக இருந்தது.

அப்புறம்தான் இன்னொரு சேதி படித்தேன். ககன்யானில் அனுப்புவதற்காகத் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தார் பழ ஈக்களுக்கென்று ஒரு பெட்டி செய்திருக்கிறார்களாம். ஈ நாலறிவு உயிர். தாத்தா இருந்திருந்தால் நிலாவை விட்டுவிட்டு, "அந்த ஈயெல்லாம் திரும்பி வருமாடா?" என்றுதான் கேட்டிருப்பார்.