ஒரு சதவீதத்துக்கு ஆயிரம் ரூபாய்

உத்திரமேரூரில் வக்கீல் குமாஸ்தாவாக முப்பத்தோரு வருஷம் ஓட்டியவன் நான். மற்ற கேஸெல்லாம் வக்கீல் ஐயாவின் மூளை. விபத்து நஷ்டஈட்டு மனுவில் கணக்குப் போடுவது மட்டும் என் வேலை. "எவ்வளவு கேட்கலாம், போட்டு வையும்" என்று சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விடுவார். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசித்ததில்லை. ரிட்டையர் ஆன பிறகுதான் பழைய தீர்ப்புகளை உட்கார்ந்து படித்தேன். படிக்க வைத்தது ஒரு மணிக்கட்டு.

1996-ல் வந்த கேஸ். பக்கத்துக் கிராமத்துப் பட்டு நெசவாளி, வயது 34. காஞ்சிபுரத்து முதலாளியிடம் பாவு வாங்கி வந்து வீட்டிலேயே நெய்பவர். சைக்கிளில் வரும்போது கல் லாரி தட்டி வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. எலும்பு கூடியது, மணிக்கட்டு மடங்கவில்லை. டாக்டர் சர்டிபிகேட்டில் ஊனம் 40 சதவீதம். அந்தக் காலத்தில் நம் மாநிலத்து ட்ரிப்யூனல்களில் ஒரு வழக்கம் இருந்தது: ஊனம் ஒரு சதவீதத்துக்கு ஆயிரம் ரூபாய். பிறகு அது இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறியது. நானும் 40,000 என்று எழுதினேன், அதுவே கிடைத்தது. ஆஸ்பத்திரிச் செலவும் வலி வேதனைக்கென்று கொஞ்சமும் தனி.

செக் வாங்கிய அன்று அவர் கேட்டார்: "இனிமே நாடா எறிய முடியாதே அண்ணா, அதுக்கு எதுவும் போடலையா?"

"அதெல்லாம் அந்த நாற்பதிலேயே அடக்கம்" என்றேன். தெரிந்து சொன்னதில்லை. எல்லோரும் சொல்வதைச் சொன்னேன்.

இனி நான் படித்தது. ஆங்கிலேயர் சட்டத்தில் ஒரு காலம்வரை, காயம்பட்டவன் பிழைத்தால் நஷ்டஈடு கேட்கலாம்; செத்துவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. அதாவது ஆளை நொண்டியாக்குவதைவிடக் கொல்வது மலிவு! ரயில் வந்து விபத்துகள் பெருகிய பிறகு 1846-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். அதைப் பார்த்து 1855-ல் இந்தியாவிலும் ஒன்று வந்தது. குடும்பத்துக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு ஏற்ற தொகையைக் கொடு என்றது சட்டம். எப்படி எண்ணுவது என்று சொல்லவில்லை.

அந்தக் கேள்வியை சுப்ரீம் கோர்ட்வரை கொண்டுபோனது நம் தமிழ்நாட்டு பஸ் ஒன்று. சுதந்திரம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 1947 செப்டம்பர் 20 அன்று தாராபுரத்திலிருந்து பழனிக்குப் போன கோபால்டு மோட்டார் சர்வீஸ் பஸ் விபத்துக்குள்ளாகி, அதில் காயம்பட்ட பயணி ஒருவர் இறந்துபோனார். குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். கடைசித் தீர்ப்பு வந்தது 1961-ல்; எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். தராசில் ஒரு தட்டில் குடும்பம் இழந்த வருங்கால வரும்படி, மறுதட்டில் அந்தச் சாவினால் குடும்பத்துக்கு வந்து சேர்ந்த பணம். இரண்டையும் நிறுத்துப் பார் என்றது தீர்ப்பு. இன்னும் எத்தனை வருஷம் வாழ்ந்திருப்பார், எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்பதெல்லாம் ஓரளவு ஊகம்தான் என்பதையும் கோர்ட் ஒப்புக்கொண்டது.

ஊகத்துக்கு ஒரு கடிவாளம் 1942-லேயே இங்கிலாந்தில் கிடைத்திருந்தது, நிலக்கரிச் சுரங்கத்தில் இறந்தவர்களின் வழக்கில். வருஷ நஷ்டத்தை எடுத்து ஒரு எண்ணால் பெருக்கு என்றார்கள். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. இத்தனை வருஷக் குத்தகை இந்த நிலத்தின் விலை என்று பேசுவோமே, அதே கணக்கு. 35 வயதுக்காரர் இன்னும் முப்பது வருஷம் உழைப்பார் என்றாலும் முப்பதால் பெருக்கமாட்டார்கள். பணம் மொத்தமாக முன்னாலேயே வருகிறது, வட்டி கொடுக்கும், உயிரும் நிச்சயமில்லை. அதனால் எண் குறையும்.

இந்தப் பெருக்கல்தான் சரியான முறை என்று சுப்ரீம் கோர்ட் அழுத்திச் சொன்னது 1993-ல், கேரள அரசு பஸ் வழக்கு ஒன்றில். 1994-ல் பார்லிமெண்ட் சட்டத்திலேயே ஒரு அட்டவணையைச் சேர்த்தது. அதில் கூட்டல் பெருக்கல் தப்பு! வருஷ வருமானம் 3,000, பெருக்கும் எண் 15 என்றால் 45,000 வரவேண்டும். 60,000 என்று அச்சாகியிருந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே அதைச் சுட்டிக்காட்டியது. என்னிடம் அப்படி ஒரு தப்பு வந்திருந்தால் ஐயா நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

ஒழுங்கான அட்டவணை 2009-ல் சரளா வர்மா வழக்கில் கிடைத்தது. 15 முதல் 25 வயதுக்கு 18. 31 முதல் 35-க்கு 16. 51 முதல் 55-க்கு 11. 65 தாண்டினால் 5. நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் கல்வெட்டில் பராந்தகன் காலத்தில் குடவோலைக்குத் தகுதி 35 வயதிலிருந்து 70 வரை. கோர்ட் கணக்கில் எழுபது வயதுக்காரருக்கு மதிப்பு ஐந்தே வருஷம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாதச் சம்பளம் இல்லாத கூலிக்காரர், நெசவாளி, கடைக்காரர் இவர்களின் வருமானமும் வருங்காலத்தில் ஏறும் என்று சேர்த்துக்கொள்ளும் விதி 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில்தான் உறுதியானது. 40 வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம் கூட்ட வேண்டும்.

என்னை உறுத்தியது 2010 அக்டோபரில் நீதிபதி ரவீந்திரன் எழுதிய ராஜ்குமார் தீர்ப்பு. டாக்டர் சொல்லும் ஊனச் சதவீதம் வேறு, பிழைப்பு போன சதவீதம் வேறு என்கிறது அது. இடது கை போனால் டாக்டர் கணக்கில் ஏறக்குறைய 60. அதே கை ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ போனால் சம்பாத்தியம் கிட்டத்தட்ட நூறும் போயிற்று. சர்க்கார் குமாஸ்தாவுக்குப் போனால் வேலை போகாமலும் இருக்கலாம். எனவே அந்த ஆள் என்ன தொழில் செய்தார், இனி என்ன செய்ய முடியும் என்று முதலில் பார். இறந்தவர் வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவென்று மூன்றில் ஒரு பங்கோ என்னவோ கழிப்பார்கள். காயம்பட்டவர் கேஸில் அதைக் கழிக்கக் கூடாது. அவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிட வேண்டுமே.

படித்த அன்று ராத்திரி பழைய டைரியைத் தேடி எடுத்து அந்த மணிக்கட்டுக்குக் கணக்குப் போட்டேன். அவர் மாதம் 1,500 சம்பாதித்தார், வருஷம் 18,000. நாடா எறிந்து நெய்பவருக்கு அந்தத் தொழில் முழுக்கப் போயிற்று. ஆனாலும் பிறகு அரிசி மில்லில் வாட்ச்மேனாக இருந்தார், அதனால் நஷ்டம் 75 சதவீதம் என்று வைத்தேன். 13,500-ஐ 16-ஆல் பெருக்கினால் 2,16,000. வருங்கால உயர்வையும் சேர்த்தால் 3,02,400. நாங்கள் வாங்கிக் கொடுத்தது 40,000. அப்போது இந்தத் தீர்ப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் பெருக்கல் முறை 1993-லேயே வந்துவிட்டது. நெசவாளிக்கு மணிக்கட்டு என்ன என்று வாதாடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, ஐயாவுக்கும் தோன்றவில்லை.

போன தை மாதம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். டம்ளரை இடது கையில் பிடித்திருந்தார். மனசு கேட்காமல் விஷயத்தைச் சொல்லி, தாளையும் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"இது வட்டி சேத்தா, சேக்காமலா அண்ணா?" என்றார்.

சேர்க்காமல் என்றேன்.