பல்லும் பெயிண்டும்

பல் அடைக்கிறதுக்கெல்லாம் ஒரு சரித்திரமான்னு சிரிக்காதீங்க மக்கா. தொழிற்சாலையில பெயிண்ட் அடிக்கிறவங்க கைப்பழக்கம் ஒண்ணு பல் டாக்டர் கைக்கு வந்த கதை இது.

நாற்பதைத் தாண்டினவங்க கொட்டாவி விட்டா, கடைவாயில சாம்பல் நிறத்துல ஒரு அடைப்பு தெரியுமே, அதுதான் அமால்கம். வெள்ளி, வெள்ளீயம், செம்புத் தூளோடு பாதரசம் சேர்த்துப் பிசைஞ்சது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். நல்லா உழைக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனா பல்லோட ஒட்டாது. ஒட்டாத பொருள் கழண்டு விழாம நிக்கணும்னா குழியோட வாய் குறுகலாவும் அடி அகலமாவும் இருக்கணும். அதுக்காகச் சொத்தையோடு சேர்த்து நல்ல பல்லையும் குடைஞ்சு எடுத்தாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஜி.வி.பிளாக் வகுத்த முறைப்படி, பின்னாடி சொத்தை வரக்கூடிய பக்கத்துப் பள்ளங்களையும் இப்பவே வெட்டிடணும்! பல தலைமுறை டாக்டர்களுக்கு இதுதான் வேதம்.

முன்பல்லுக்கு சிலிகேட் சிமெண்ட் இருந்துச்சு. பல் நிறம்தான், ஆனா எச்சில்ல கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச காலத்தில் அக்ரிலிக் வந்தது. அது இறுகும்போதே சுருங்கும். சூடா காபி குடிச்சுட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டா பல்லைவிடப் பல மடங்கு விரிஞ்சு சுருங்கும். ஓரத்துல இடைவெளி, அதுக்குள்ள கிருமி, மறுபடி சொத்தை.

இந்த இடத்துலதான் மைக்கேல் புவோனோகோர் வர்றார். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில், ஈஸ்ட்மேன் பல் மருத்துவமனை ஆராய்ச்சியாளர் (ஆமா, கோடாக் கேமரா ஈஸ்ட்மேன் ஆரம்பிச்சதேதான்). உலோகத்துல பெயிண்ட் நல்லாப் பிடிக்க முதலில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவது தொழிற்சாலைகளில் வழக்கம். அதையே பல் எனாமலில் செஞ்சா என்னன்னு யோசிச்சார். 85 சதவீத அமிலம், 30 விநாடி, அப்புறம் கழுவி உலர்த்தி ஒரு சொட்டு அக்ரிலிக். அமிலம் தடவாத பல்லில் வச்ச சொட்டு ஒரு நாள்கூடத் தாங்கலை. தடவின பல்லில் சராசரியா ஒரு மாசத்துக்கு மேல நின்னுச்சு. 1955ல் இதைச் சின்னதா ஒரு கட்டுரையா எழுதினார்.

விஷயம் ரொம்ப எளிமை. பழைய சுவத்துல புதுப் பூச்சு பிடிக்க கொத்தனார் கொத்தி விடுவாரே, அதேதான். அமிலம் எனாமலை ஒரே சீராக் கரைக்காது, கண்ணுக்குத் தெரியாத குழிகளாக் கொத்தும். பிசின் அதுக்குள்ள இறங்கி வேர் மாதிரி இறுகிடும்.

ஆனா டாக்டர்கள் உடனே ஏத்துக்கலை. அமிலம்தானே சொத்தையே உண்டாக்குது, அதைப் போய்ப் பல்லுல தடவறதான்னு தயக்கம். நியாயம்தானே? அதுவுமில்லாம, ஒட்டறதுக்கு நல்ல பொருளும் அப்ப இல்லை.

அந்தப் பொருளைக் கொடுத்தவர் ரஃபேல் போவன். பல் டாக்டர், அமெரிக்க தேசியத் தரநிர்ணய நிலையத்துல ஆராய்ச்சி. எபாக்ஸி உறுதியானது, ஆனா வாய்க்குள்ள இறுக நேரமாகும். அதனால எபாக்ஸி உடம்புக்கு இரண்டு முனையிலும் அக்ரிலிக் வகைக் கை வச்சு ஒரு கலப்பினம் பண்ணினார். பேர் பிஸ்-ஜிஎம்ஏ. அதோட, பிசின் பிடிக்கிற மாதிரி மேல்பூச்சு கொடுத்த சிலிகாத் தூளைக் கலந்தார். காப்புரிமை 1962ல். இன்னிக்கு வர்ற பல் நிற அடைப்புகள்லயும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

1970களில் புற ஊதா ஒளி, பிறகு நீல விளக்கு. எனாமலுக்கு அடியில இருக்கற ஈரமான டென்டினில் ஒட்டறதுக்கு ஜப்பான்காரங்க, ஃபுசயாமாவும் நகபயாஷியும், வழி காட்டினாங்க.

வெள்ளை அடைப்புன்னா அழகுக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எனக்கென்னவோ நிறத்தைவிட ஒட்டினதுதான் பெரிய விஷயம்னு படுது. எங்க அக்கா பொண்ணு கீழே விழுந்து முன்பல் ஓரம் போயிடுச்சு. ஒரே உட்கார்வுல, நல்ல பல்லை அரைக்காம ஒட்டிக் கொடுத்துட்டாங்க. அந்தக் காலம்னா பல்லைச் சுத்தி அரைச்சு உறை மாட்டணும்.

ஐரோப்பிய ஒன்றியம் பாதரசம் வேண்டாம்னு 2025 ஜனவரி 1 முதல் அமால்கத்தை (மருத்துவ அவசியம் தவிர) நிறுத்திடுச்சு. சந்தோஷம்தான். ஆனா கடைவாய்ப் பல்லில் பல் நிற அடைப்பு அமால்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பழுதாகுதுன்னு 2021ல் வந்த காக்ரேன் ஆய்வு சொல்லுது. அமால்கம் கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கும். இது பொறுக்காது, துளி எச்சில் பட்டாலும் பிடிமானம் போச்சு. இரண்டு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டரா அடுக்கி விளக்கு காட்டணும். டாக்டர் வாயில பஞ்சைத் திணிக்கிறது அதுக்குத்தான். நாக்கால தள்ளிடாதீங்க சாமி :-)