மின்சாரம் நூற்ற இழை

பாலிமர் கரைசலை உயர் மின்னழுத்தத்தால் இழுத்து இழையாக்கும் முறைக்கு மின்நூற்பு என்று பெயர். ஊசிமுனையில் தொங்கும் துளிக்கும், ஒரு சாண் தள்ளி வைத்த உலோகத் தகட்டுக்கும் இடையே 10,000 முதல் 30,000 வோல்ட் வரை கொடுத்தால், துளி கூம்பாக நீண்டு அதன் நுனியிலிருந்து ஒரு தாரை பீறிடும். போகிற வழியிலேயே கரைப்பான் ஆவியாகிவிடுவதால் தகட்டில் படிவது காய்ந்த இழை. அதன் விட்டம் 100 நானோமீட்டர் வரைகூட இறங்கும். தலைமுடியில் சுமார் 700-இல் ஒரு பங்கு. நொதிகளைப் பிணைத்து வைக்கவும் செல்களை வளர்க்கவும் இன்று ஆய்வகங்கள் நாடும் இந்த இழை, இவ்விரண்டுக்காகவும் பிறந்ததல்ல. துணிக்கு நூல் தேடியவர்கள் குறை என்று ஒதுக்கியதைத்தான் பின்னால் வந்தவர்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள்.

தேய்த்த அம்பரை அருகில் கொண்டுவந்தால் நீர்த்துளி கூம்பாக எழும்புவதை வில்லியம் கில்பர்ட் 1600-லேயே எழுதிவைத்தார். திரவத்திலிருந்து மின்சாரம் இழையே இழுக்கும் என்பதை விரிவாகப் பதிவு செய்தவர் ஆங்கிலேய இயற்பியலாளர் சார்லஸ் வெர்னன் பாய்ஸ். நுண்ணிய எடைகளையும் விசைகளையும் அளக்கும் கருவிகளுக்கு மெல்லிய தொங்கிழை அவருக்குத் தேவைப்பட்டது. மின் இயந்திரத்தோடு இணைத்த சிறு தட்டில் தேன்மெழுகு, அரக்கு, கொலோடியன் என்று ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தார். தட்டின் விளிம்பிலிருந்து இழைகள் சீறிக் கிளம்பின. 1887-இல் இதை எழுதியபோது அவரே இதைப் பலரும் மறந்துபோன பழைய சோதனை என்றுதான் குறிப்பிட்டார். கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது வேறு வழி: உருகிய குவார்ட்ஸை அம்பின் வாலில் ஒட்டி, வில்லில் பூட்டி எய்து இழுத்த இழை. மின்நூற்பு மீண்டும் ஓரமாகப் போனது.

1902-இல் அமெரிக்காவில் ஜான் கூலி, வில்லியம் மார்ட்டன் இருவரும் தனித்தனியே காப்புரிமை பெற்றார்கள். இதைத் தொழிலாக்க இடைவிடாமல் முயன்றவர் ஜெர்மனியின் ஆன்டன் ஃபார்மால்ஸ். அவரது முதல் அமெரிக்கக் காப்புரிமை 1934-இல் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் மேலும் பல வந்தன. அசிட்டோனில் கரைத்த செல்லுலோஸ் அசிட்டேட்டிலிருந்து செயற்கைப் பட்டு போன்ற நூல் எடுப்பது அவர் குறி. ஆனால் ஊசிக்கும் சேகரிக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி போதாமல், இழைகள் ஈரம் காயாமலே வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இடைவெளியைக் கூட்டி அந்தக் கோளாறைப் பின்னர் சரிசெய்தார். ஆனாலும் சிக்கலும் பின்னலுமாக விழும் இழையைத் தறிக்கு ஏற்ற நூலாக்குவது, உருக்கிய நைலானை நூற்பதைப் போல லாபமான வேலையாகவில்லை.

அந்தச் சிக்கலே போதும் என்று சொன்னது சோவியத் ஒன்றியம். மாஸ்கோவின் கார்ப்போவ் நிறுவனத்தில் இகோர் பெத்ரியானவும் ரோசன்புளூமும் 1938-இல் இதே செல்லுலோஸ் அசிட்டேட்டில் இழை விரிப்புகள் செய்தார்கள். நூலாக உதவாத அந்தப் பின்னல், நச்சுப்புகையின் நுண்துகளைப் பிடிக்க அருமையாக உதவியது. அடுத்த ஆண்டே கலீனின் நகரில் (இன்றைய த்வேர்) நச்சுவாயு முகமூடிகளுக்கான வடிகட்டிகள் ஆலையில் உருவாகத் தொடங்கின. ராணுவ விஷயம் என்பதால் செய்தி வெளியே கசியவில்லை. மேற்கில் அதையே வேறு சிலர் பின்னர் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் துப்புரவுப் பணியாளர்கள் அணிந்த ‘லெப்பஸ்தோக்’ முகமூடிகள் பெத்ரியானவின் வழிவந்தவையே.

இதற்கிடையே 1964-இல் இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர், மின்புலத்தில் நிற்கும் கூம்பின் அரைக்கோணம் 49.3 பாகை என்று கணக்கிட்டுக் காட்டினார். தாரை எப்படி அவ்வளவு மெலிகிறது என்பது அப்போதும் விளங்கவில்லை. பல கிளைகளாகப் பிளப்பதாகவே வெகுநாள் நம்பிக்கை. ஒஹாயோவின் ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் டாரல் ரெனக்கரும் அவரது குழுவும் வேகப் படப்பதிவில் பார்த்தபோது, பெரும்பாலும் இருந்தது ஒரே தாரைதான். சில சென்டிமீட்டர் நேராகப் போய், பிறகு சாட்டை போல வளைந்து, அகன்றுகொண்டே போகும் சுருள்களாகச் சுழன்று, அந்தச் சுழற்சியிலேயே அது நீண்டு மெலிகிறது. 2000-இல் இந்த விளக்கம் அச்சேறியது. 1990-களில் இத்துறைக்கு உயிர் கொடுத்ததில் ரெனக்கருக்குப் பெரும் பங்குண்டு.

மருத்துவம் அதற்கு முன்பே உள்ளே நுழைந்திருந்தது. 1970-களின் இறுதியில் பிரிட்டனில் பாலியூரத்தேன் இழைகளைக் குழாயாகச் சுற்றிச் செயற்கைத் தமனிகள் செய்து பார்த்தார்கள். செல் வளர்ப்புக்கான தெளிவான முதல் சான்று 1988-ஐச் சேர்ந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் சிறுதொழில் உதவித் திட்டத்துக்கு சைமன் என்பவர் அளித்த அறிக்கை அது. வளர்ப்புத் தட்டுகள் எந்த பாலிஸ்டைரீனால் ஆனவையோ, அதையே இழையாக்கிய விரிப்பில் மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் ஒட்டிப் பெருகின. அறிக்கை அறிக்கையாகவே தங்கிவிட்டது. பத்தாண்டுக்கு மேல் அதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை.

நொதிகளின் கதை வேறு திசையிலிருந்து வந்தது. நொதியைத் திடப்பொருளில் பிணைத்தால் மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்பது பழைய அறிவு. சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்டேஸ் கரித்தூளில் ஒட்டியும் வேலை செய்வதை நெல்சனும் கிரிஃபினும் 1916-இல் கண்டார்கள். ஜப்பானின் தனாபே நிறுவனம் 1969-இல் அமினோ அமிலத் தயாரிப்பில் அதை ஆலைக்கே கொண்டுவந்தது. இடையூறு நொதியைத் தாங்கும் பொருளில் இருந்தது. நுண்துளை மணிகளுக்குள் பொருள் புகுந்து வெளிவர நேரமாகும். நானோ துகள்களில் பரப்பு தாராளம், ஆனால் கலவையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. இழை விரிப்பில் இரண்டு தொல்லையும் குறைவு. 120 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் இழை ஒரு கிராம் எடுத்தால் அதன் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் வரும். வேலை முடிந்ததும் விரிப்பை அப்படியே தூக்கிவிடலாம்.

2002-இல் ஆக்ரன் குழு அதே விட்டமுள்ள பாலிஸ்டைரீன் இழையில் கைமோட்ரிப்சின் என்ற நொதியை வேதிப்பிணைப்பால் ஏற்றியது. நீரில் அதன் செயல்திறன், கட்டற்ற நொதியினுடையதில் 65 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. ஹெக்சேன் போன்ற கரிமக் கரைப்பானில் கட்டற்ற நொதியினுடையதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இருந்தது. அங்கே கட்டற்ற நொதித்தூள் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். இழையிலோ மூலக்கூறுகள் பரவி நிற்கின்றன. 2005-இல் இன்னொரு குழு, ஒட்டிய நொதியின் மேல் குளூட்டரால்டிஹைடு என்ற இணைப்பு வேதிப்பொருளால் மேலும் நொதியைத் திரளாகக் கோத்தது. தொடக்கச் செயல்திறன் ஒற்றை அடுக்கைவிட ஒன்பது மடங்கு. ஒரு மாதம் குலுக்கியும் குறையவில்லை.

அதே 2002-இல் செல் வளர்ப்பும் சூடுபிடித்தது. உடலில் செல்களைத் தாங்கும் கொலாஜன் நாரும் இந்த இழையும் ஏறத்தாழ ஒரே பருமன் என்பதுதான் ஈர்ப்பு. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகக் குழு கொலாஜனையே ஃபுளோரின் கலந்த ஆல்கஹாலில் கரைத்து நூற்றது. உற்சாகம் ஆறு ஆண்டு நீடித்தது. அந்தக் கரைப்பான் கொலாஜனின் முப்புரிச் சுருளைக் குலைத்து அதை ஜெலட்டின் போலாக்கிவிடுகிறது, இது ஜெலட்டின் செய்ய ஒரு செலவுமிக்க வழியா என்று 2008-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை தலைப்பிலேயே கேட்டது. கேள்வி காட்டமானது, ஆனால் நியாயமானது.

இன்னொரு சிக்கல் இழையின் குணத்திலேயே இருந்தது. இழை மெலிய மெலிய இடைத்துளைகளும் சுருங்கும். 10 முதல் 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள செல் மேற்பரப்பில் படர்ந்துவிடுகிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை. முகமூடிக்கு வரமாக இருந்த அடர்த்தி, திசு வளர்ப்பவருக்குச் சுவராகிவிட்டது. உப்புத் துகள்களைச் சேர்த்து நூற்றுப் பின்னர் கரைப்பது, குளிரவைத்த உருளையில் பனிப்படிகங்களோடு சேர்த்து இழையைப் படியவைப்பது எனச் சில வழிகள் வந்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பேக்கரும் மாக்கும் 2008-இல் இரண்டு வகை இழைகளைச் சேர்த்து நூற்றார்கள்: ஒன்று மெல்லச் சிதையும் பாலியெஸ்டர், மற்றது நீரில் கரையும் பாலிஎத்திலீன் ஆக்சைடு. நனைத்ததும் இரண்டாவது கரைந்துபோய், அது விட்ட இடைவெளி வழியே செல்கள் உள்ளே போயின. கரையும் இழையின் பங்கைக் கூட்டினால் செல்களுக்கு வழி அகலும். விரிப்பின் உறுதியும் கூடவே தளரும் என்பதால், எந்தத் திசுவுக்கு எவ்வளவு என்பதைத் தனித்தனியே சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.