ஐஸ்கிறீம் பெட்டியின் கதை: மக்காவுக்குப் போன பனியும் நம் வாசலுக்கு வரும் ரெஜிபோமும்

பெருநாள் காலத்தில் நம்மூர்களில் ஐஸ்கிறீம் கேக்கும் புடிங்கும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. மோட்டார் சைக்கிளின் பின்னால் வெள்ளை ரெஜிபோம் பெட்டி, மூடியைச் சுற்றி டேப், உள்ளே உறைந்த ஐஸ் பொதி ஒன்று. இனிப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெட்டி மதிலோரத்துக்குப் போகும், பிறகு குப்பை மேட்டுக்குப் போகும். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் குளிரைச் சுமந்து போகும் கதையைப் பின்னால் தேடிப்போனால் 1,200 வருடங்களுக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. அதில் நமக்குத் தெரிந்த ஊர் ஒன்றும் வருகிறது. மக்கா.

ஹிஜ்ரி 160, அதாவது கி.பி. 777. அப்பாஸிய கலீபா அல்-மஹ்தி அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போனார். அவருக்காக முஹம்மது இப்னு சுலைமான் என்பவர் மக்கா வரைக்கும் பனியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று இமாம் தபரி தன் வரலாற்று நூலில் எழுதுகிறார். மக்காவுக்குப் பனி வரவழைக்கப்பட்ட முதல் கலீபா இவர்தான் என்றும் குறிப்பிடுகிறார். பெரிய போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் எழுதிய தபரி இதையும் மறக்காமல் பதிந்திருக்கிறார் என்றால், அந்தக் காலத்து மக்களுக்கு அது எவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாலைவனத்தின் நடுவில் ஒரு கிண்ணம் பனி!

மம்லூக்குகளின் காலத்தில் அந்த ஆச்சரியம் ஓர் அரச திணைக்களம் போலவே ஆகிவிட்டது. எகிப்தில் பனி விழாது. சிரியாவின் மலைகளில் விழும். எனவே டமஸ்கஸிலிருந்து கெய்ரோ கோட்டை வரைக்கும் பனி கொண்டுபோக ஒட்டகத் தரிப்பிடங்கள் அமைக்கப்பட்டன. ஒரு தரிப்பிடத்தில் களைத்த ஒட்டகத்தை மாற்றி அடுத்த ஒட்டகத்தில் சுமையை ஏற்றுவார்கள். கடல் வழியும் இருந்தது. பெய்ரூத், ஸைதா துறைமுகங்களில் ஏற்றி, தமியாத்தில் இறக்கி, நைல் நதியில் படகில் பூலாக் வரைக்கும் வந்து, அங்கிருந்து சுல்தானின் ஷராப்கானாவுக்குப் போகும். பனியைப் பக்குவமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் ஒருவர் கூடவே போவார். கல்கஷந்தி என்ற அறிஞர் இதையெல்லாம் விபரமாக எழுதி வைத்திருக்கிறார். நாம் நோன்பு திறக்கும்போது குடிக்கும் சர்பத்தின் பெயரும், ஐரோப்பியர் சொல்லும் சோர்பே என்ற பெயரும் குடித்தல் என்று பொருள்படும் ஒரே அரபு வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்தவைதான்.

அது சுல்தானின் குளிர். ஊர் மக்களின் குளிர் அல்ல. ஒட்டகமும் ஓட்டுபவனும் பட்ட கஷ்டத்தில்தான் அது வந்தது. பழைய காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லவும் நாம் இதை எழுதவில்லை.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானப் பாடம் தேவைப்படுகிறது. ஒரு ஐஸ் கட்டியைக் கம்பளியால் சுற்றினால் சீக்கிரம் உருகுமா, தாமதமாக உருகுமா என்று தரம் 7 பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் சீக்கிரம் உருகும் என்பார்கள். கம்பளி சூடு தரும் என்ற நினைப்பு. உண்மையில் கம்பளி சூடும் தராது, குளிரும் தராது. வெளியில் இருக்கும் வெப்பம் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதைச் செய்வதும் கம்பளி நூல் அல்ல, நூல்களுக்கு இடையில் அசையாமல் மாட்டிக்கொண்ட காற்று. வைக்கோல், உமி, மரத்தூள், ரெஜிபோம் எல்லாவற்றிலும் வேலை செய்வது அதே காற்றுத்தான். பாரசீகத்து மக்கள் யக்சால் என்ற கூம்பு வடிவ மண் கட்டடங்களில் ஐஸைச் சேமித்தபோது வைக்கோலால் மூடியதும் இதற்காகத்தான். ஆக, இந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வியின் வரலாறு. காற்றை எதற்குள் அடைப்பது?

இந்தக் கேள்வியால் பணக்காரன் ஆனவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர். அதற்கு முன் கடனாளியாகிச் சிறைக்கும் போனார். 1806-ல், 22 வயதில், குளத்தில் உறைந்த ஐஸை வெட்டிக் கப்பலில் ஏற்றி கரீபியன் கடலில் இருக்கும் மார்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். ஊரே சிரித்தது. ஐஸ் மூன்று கிழமைப் பயணத்தைத் தாங்கியது. ஆனால் போய் இறங்கிய இடத்தில் அதைச் சேமிக்க ஒரு கட்டடம் இல்லை. அங்கே திவோலி என்ற தோட்டத்தை நடத்தியவர், இந்த வெயிலில் ஐஸ்கிறீம் செய்யவே முடியாது என்று அடித்துச் சொன்னார். டியூடர் தானே நின்று செய்துகாட்டினார். முதல் இரவே அந்தத் தோட்டக்காரருக்கு 300 டொலர் வருமானம். டியூடருக்கோ அந்தப் பயணத்தில் ஆயிரக்கணக்கான டொலர் நஷ்டம். வியாபாரம் என்றால் சில நேரம் இப்படித்தான்.

அவர் விடவில்லை. எதனால் சுற்றினால் குறைவாக உருகும் என்று வருடக்கணக்கில் பரீட்சித்துப் பார்த்தார். கடைசியில் மரத்தூளில் வந்து நின்றார். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் மர ஆலைகள் ஏராளம். அவை மரத்தூளை என்ன செய்வதென்று தெரியாமல் ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்தன. அந்தக் குப்பைதான் ஐஸுக்குப் போர்வை ஆனது, பிறகு அதற்கே ஒரு விலையும் வந்தது. 1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 தொன் ஐஸுடன் பொஸ்டனிலிருந்து கிளம்பியது. நான்கு மாதம் கழித்து, பூமத்திய ரேகையை இரண்டு தடவை கடந்து கல்கத்தாவை அடைந்தபோது ஏறக்குறைய 100 தொன் மிச்சம் இருந்தது. மின்சாரம் இல்லை, குளிர்சாதனப் பெட்டி இல்லை. மரத்தூள் மட்டும்தான்.

சென்னை கடற்கரைக்குப் போனவர்கள் விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். 1842-ல் டியூடரின் ஐஸைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. விவேகானந்தர் 1897-ல் அங்கே தங்கியதால் இப்போது அந்தப் பெயர். ஆனாலும் அந்தப் பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறார்கள். கடல் தாண்டி வந்த ஐஸ் வெள்ளைக்காரர்களின் மேசைக்கும் வசதி படைத்தவர்களின் வீட்டுக்கும் போனது. சுற்றி வந்த மரத்தூள் மண்ணோடு மண்ணாகியது.

இலங்கையில் 1866-ல் கொழும்பு ஐஸ் கொம்பனி தொடங்கியது. இன்று எலிபன்ட் ஹவுஸ் என்று நாம் சொல்வது அதன் வழி வந்ததுதான். அதன் பழைய விலாசம் கொம்பனித்தெருவில் நீதியரசர் அக்பர் மாவத்தை. அந்த அக்பர் மலாய் சமூகத்தைச் சேர்ந்த உயர் நீதிமன்ற நீதியரசர் எம்.டி. அக்பர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பது வேறு கதை, இன்னொரு நாளைக்கு எழுதுவோம். ஐஸை இயந்திரத்தில் செய்ய ஆரம்பித்த பிறகும் அதைச் சுற்றும் முறை உடனே மாறவில்லை. ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்துச் சாக்கால் மூடி வைத்த காலத்தைக் கண்ட பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

ஐஸ்கிறீமுக்கு இது போதாது. ஐஸ் பூச்சியப் பாகையில் உருகும். ஐஸ்கிறீம் கட்டியாக நிற்க அதைவிடக் கீழே போக வேண்டும், கடைக் குளிர்பெட்டிகளில் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை அளவில் வைக்கிறார்கள். பழைய வழி, ஐஸில் உப்பைக் கலப்பது. அப்படிச் செய்தால் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை வரை கூடப் போகலாம். 1851-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் பால் வியாபாரி ஜேகப் பசல், மிஞ்சிய பாலாடையை வீணாக்க மனமில்லாமல் ஐஸ்கிறீமை மொத்தமாகச் செய்து விற்க ஆரம்பித்தார். ஐஸ்கிறீம் ஆலைகள் அப்படித்தான் தொடங்கின. அந்தக் காலத்தில் கடைகளுக்கு ஐஸ்கிறீம் போனது கனமான மரத் தொட்டிகளில். நடுவில் ஐஸ்கிறீம் டப்பா, சுற்றிலும் உப்பும் ஐஸும். தூக்கவே ஆள் வேண்டும். உப்புத் தண்ணீர் ஒழுகிப் போகிற வழியெல்லாம் நனையும். ஆனால் ஒரு விஷயம். அந்தத் தொட்டி திரும்பி வரும். வந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அது விலை கூடிய பொருள்.

அந்தத் திரும்பும் வழக்கத்தை முடித்து வைத்தது 1925. அந்த வருடம் நியூயோர்க்கில் ட்ரை ஐஸ் வியாபாரம் தொடங்கியது. ட்ரை ஐஸ் என்பது உறைந்த காபனீரொட்சைட்டு. பூச்சியத்துக்குக் கீழே 78 பாகையில் இருக்கும், உருகித் தண்ணீராகாமல் நேரே வாயுவாகிவிடும். அதை முதலில் பெரிய அளவில் வாங்கியவர்கள் ஐஸ்கிறீம்காரர்கள். தண்ணீர் ஒழுகாது என்றால் மரத் தொட்டி எதற்கு? கடதாசி மட்டைப் பெட்டியே போதும். கடதாசிப் பெட்டி என்றால் திருப்பி வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஐஸ்கிறீம் பெட்டி என்பது ஒரு தடவை பாவித்து எறியும் பொருளாக மாறிய இடம் இதுதான் என்று நாம் நினைக்கிறோம். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னாலேயே எறியும் பழக்கம் வந்துவிட்டது. பொருளை மட்டும் குற்றம் சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

பிறகுதான் ரெஜிபோம். சுவீடன் பொறியியலாளர் கார்ல் முன்டர்ஸ், தன் நண்பரோடு சேர்ந்து வாயுவால் ஓடும் குளிர்சாதனப் பெட்டியைக் கண்டுபிடித்தவர், 1930களின் தொடக்கத்தில் பொலிஸ்டைரினை நுரையாக்கும் முறைக்கும் காப்புரிமை எடுத்தார். குளிர்சாதனப் பெட்டிக்காரருக்கு நுரை எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை, பெட்டியின் சுவருக்குள் காற்றை அடைக்கத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் டௌ கொம்பனியில் ரே மெக்கின்டயர், மின் கம்பிகளுக்கு வளையக்கூடிய காப்பு ஒன்றைச் செய்யப்போய், எதிர்பாராமல் பொலிஸ்டைரின் நுரையில் போய் நின்றார். டௌ கொம்பனி முன்டர்ஸின் உரிமையையும் வாங்கிக்கொண்டது. ஸ்டைரோபோம் என்ற பெயர் அவர்களுடையது. தண்ணீரில் மிதக்கும் என்பதால் முதலில் உயிர்காப்புத் தெப்பத்துக்குப் போனது. நாம் கையில் உடைத்துப் பார்க்கும் மணி மணியான வகை வேறு. அது 1949 அளவில் ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எப் கொம்பனியில் பிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி என்பவர் கண்டது. சின்னச் சின்ன மணிகளை நீராவியில் பொரி போலப் பொரிய வைத்து, அச்சில் அழுத்தி ஒட்ட வைப்பார்கள். பெட்டியில் 98 சதவீதம் காற்று. பொலிஸ்டைரின் 2 சதவீதம்தான்.

காற்றை அடைக்க இதைவிட மலிவான ஒன்றை மனிதன் கண்டதில்லை. சிரிய மலைப் பனிக்காக ஒட்டகங்களை ஓட்டிய காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நிஃமத். இன்று ஒரு தாய் தன் வீட்டுக் குசினியில் செய்த ஐஸ்கிறீமை அடுத்த ஊருக்கு அனுப்பி நாலு காசு உழைக்கிறாள் என்றால் அதற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம். இதைச் சொல்லாமல் பெட்டியைத் திட்டுவது நியாயமில்லை.

சிக்கல் அந்த 98 சதவீதத்தில்தான் இருக்கிறது. பெட்டியை மீள்சுழற்சிக்கு அனுப்ப லொறியில் ஏற்றினால் லொறி நிறையக் காற்றுத்தான் போகும். எரிபொருள் செலவுக்குக் கூடக் கட்டாது. எனவே எடுப்பவர்கள் குறைவு. வளவில் போட்டுக் கொளுத்தினால் கறுப்புப் புகை, அதைச் சுவாசிப்பவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். போட்ட இடத்திலேயே விட்டால் மக்காது, மணி மணியாக உடைந்து காற்றிலும் கானிலும் பரவும். மரத்தூள் ஐஸுக்கு முன்னால் ஒரு மரத்தின் கழிவாக இருந்தது, ஐஸுக்குப் பிறகு மண்ணாகியது. ரெஜிபோமுக்கு முன்னால் எண்ணெய்க் கிணறு இருக்கிறது. பின்னால் குப்பை மேடு இருக்கிறது.

அந்தக் குப்பை மேடு எப்படிப்பட்டது என்று 2017 ஏப்ரல் 14 நமக்குக் காட்டியது. சிங்கள தமிழ்ப் புத்தாண்டு நாள். மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கொழும்பில் நாம் எறிந்தவை எல்லாம் ஏழைகளின் கூரைக்கு மேலேதான் குவிந்திருந்தன. அதே வருடம் செப்டெம்பர் 1 முதல் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, தட்டு, கோப்பை போன்றவை தடை செய்யப்பட்டன. சாப்பாட்டுக் கடைகளில் கடதாசிப் பெட்டி வந்தது அதற்குப் பிறகுதான். கிழக்கிலும் நிலைமை வேறில்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்த செய்தி 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது.

வெளிநாடுகளில் இப்போது ஐஸ்கிறீம் அனுப்பச் செம்மறியாட்டுக் கம்பளி, சோள மாப்பொருள் நுரை, அடுக்கடுக்கான கடதாசி என்று புதிது புதிதாகப் பெட்டிகள் வருகின்றன. புதிது என்று விற்கிறார்கள். காற்றை வைக்கோலிலும் மரத்தூளிலும் அடைத்தவர்களுக்கு அதில் புதினம் ஒன்றும் இருக்காது. நம் நாட்டில் உமி இருக்கிறது, தும்பு இருக்கிறது, மர ஆலை வாசல்களில் மரத்தூள் குவிந்து கிடக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து விற்கும் ஒரு பெண்ணிடம் போய், நாளையிலிருந்து விலை கூடிய பெட்டியை வாங்கு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவளுடைய இலாபமே அந்தப் பெட்டியின் விலைக்குள் போய்விடும்.

அதனால் கொஞ்சம் மீன் வியாபாரிகளைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் ரப்பர் டியூப்பால் கட்டியிருப்பதும் அதே ரெஜிபோம் பெட்டிதான். அதைத் தினமும் கழுவி, மூலை உடைந்தால் டேப் ஒட்டி, மாதக்கணக்கில் பாவிக்கிறார். அவருக்கு அது ஒரு தடவைப் பெட்டி அல்ல. ஐஸ்கிறீம் கொண்டுவரும் தம்பி வாசலில் நிற்கும்போதே இனிப்பை எடுத்து நம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பெட்டியை அவர் கையில் திருப்பிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகும். பெட்டிக்கு 100 ரூபாய் பிணையாக வாங்கிக்கொண்டு, பெட்டி திரும்பியதும் காசைக் கொடுக்கும் முறையையும் யோசிக்கலாம். சோடாப் போத்தலுக்கு நாம் வருடக்கணக்கில் செய்த வேலைதானே.

வீட்டிலிருந்து ஐஸ்கிறீம், புடிங் விற்கும் சகோதரிகள் இதை வாசித்தால், பெட்டியைத் திருப்பி எடுப்பதில் என்ன கஷ்டம் வரும் என்று எழுதுங்கள். மரத்தூளில் ஐஸ் புதைத்து வைத்த காலம் உங்கள் வாப்பாவுக்கோ மூத்தவாப்பாவுக்கோ ஞாபகம் இருந்தால், எந்த ஊர், எங்கிருந்து ஐஸ் வந்தது, என்ன விசேஷத்துக்கு வாங்கினார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள். புத்தகங்களில் பொஸ்டனின் கணக்கு இருக்கிறது. நம் ஊர்களின் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.