புகை வகுத்த வழி

குளிர்தேசத்து இல்லங்களில் கணப்புக்கு உரிய ஸ்தானம் எது என்பதை, நெருப்பின் தேவையைக் காட்டிலும் புகையின் சுபாவமே நிர்ணயித்து வந்திருக்கிறது என்பதை, அவ்வீடுகளின் சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர் எளிதில் உணர்வர். லண்டன் மாநகரின் மேயராயிருந்த ஜான் டி புல்டனி 1341-ஆம் ஆண்டளவில் கென்ட் பிரதேசத்தில் எழுப்பிய பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையின் பெருங்கூடத்தில், நடுத்தரையில் எண்கோணமாக அமைந்த கணப்பு மேடையை இன்றும் காணலாம். பிரபுவும் பரிவாரமும் அதனைச் சூழ்ந்து குளிர்காய்ந்திருக்க, புகையானது உயர்ந்த கூரையின் கீழ் உலாவி, உச்சியில் விட்டிருந்த திறப்பின் வழியே மெல்ல வெளியேறும். அவ்வாறு புகைக்கு இடம் விடவேண்டியிருந்தமையால், அக்கூடத்தின்மேல் மாடி எழுப்புதல் சாத்தியமாகவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் புகைபோக்கி சாமானியர் இல்லங்களிலும் பரவியபோது, கணப்பு நடுக்கூடத்தைத் துறந்து சுவரைச் சேர்ந்தது, மாடியறைகளும் தோன்றின. தம் ஊர் முதியோர் தங்கள் ஆயுட்காலத்தில் கண்ட பெரும் மாறுதல்களுள் புகைபோக்கிகளின் பெருக்கத்தையும் ஒன்றாக எண்ணினர் என்று, 1577-இல் வெளிவந்த தமது இங்கிலாந்து வருணனையில் வில்லியம் ஹாரிசன் குறித்திருக்கிறார். கணப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வீதம் 1662-இல் விதிக்கப்பட்டு, ஜனங்களின் வெறுப்புக்கு ஆளாகி, 1689-இல் நீக்கப்பட்ட வரியும் இந்த வரலாற்றின் ஓர் அங்கமே.

அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயருள், கடுங்குளிர் நிலவிய நியூ இங்கிலாந்தில் வாழ்ந்தோர், உஷ்ணம் சிறிதும் வீணாகாதபடி புகைபோக்கியை வீட்டின் மத்தியில் எழுப்பினர். வெயில் மிகுந்த வர்ஜீனியாவில் வாழ்ந்தோரோ அதனை வீட்டின் கோடிச் சுவர்களில் அமைத்தனர். சுற்றிலும் அறைகள் சூழ்ந்த புகைபோக்கி எப்பொழுதும் வெதுவெதுப்பாயிருந்து புகையை நன்கு மேலிழுக்கும் என்பதும், வெளிச்சுவரில் குளிர்ந்து நிற்பது அத்தனை நன்றாக இழுக்காது என்பதும் அனுபவம் போதித்த உண்மைகள். பெஞ்சமின் பிராங்க்ளின் 1744-இல் பிரசுரித்து விளக்கிய இரும்புக் கணப்பில், புகையைக் கீழ்நோக்கிச் செலுத்தி அதன் உஷ்ணத்தைக் கவர முயன்றார். பொது நன்மையைக் கருதி அதற்குக் காப்புரிமையும் பெற மறுத்தார். ஆயினும், சூடேறிய புகை கீழிறங்கச் சம்மதியாமையால், பின்வந்தோர் அவ்வமைப்பைத் திருத்தவேண்டியதாயிற்று.

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சிகளை எரிக்கும் பெல்லட் அடுப்பு அமெரிக்காவில் 1980-களில் இல்லங்களுக்குள் புகுந்தது. மின்விசிறி புகையை உந்தித் தள்ளுவதால், மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாயைச் சுவரின் ஊடே நேராக வெளியே விடலாம் என்றும், புகைபோக்கியின் ஆதிக்கம் ஒழிந்தது என்றும் பலர் கருதினர். ஆனால் மின்சாரம் நின்றால் விசிறியும் நின்றுவிடும். படுக்கையாகச் செல்லும் குழாயில் தங்கிய புகை அறைக்குள் திரும்பிவிடும். எனவேதான் அனுபவசாலிகள் குழாயைச் சில அடி செங்குத்தாக உயர்த்தி, சன்னலுக்கும் வாசலுக்கும் விலகிய இடத்தில் அதன் வாயை முடிக்கின்றனர். ஆகையால், பெல்லட் அடுப்பு வாங்குவோர் அறையின் அலங்காரத்தையும் நாற்காலிகளின் வரிசையையும் எண்ணுமுன், புகை செல்லும் மார்க்கத்தை வகுத்துக்கொண்டு, அதற்கிசைந்த சுவரைத் தேர்ந்தெடுப்பதே விவேகமாகும்.