தால்சிம் வராத ஊர்

வீடியோ கேமுக்கெல்லாம் வரலாறு எழுதணுமா என்று கேட்பார்கள். சினிமாவைப் பற்றியும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டார்கள். நம் கேள்வி வேறு. ஒரு பண்டம் சில ஊர்களில் 'வெளியிடப்படுகிறது'. சில ஊர்களுக்கு வெளியீடு என்ற ஒன்றே இல்லாமல் வந்து சேர்கிறது. இந்த இரண்டாவது வகை ஊர்களின் வாசிப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

1

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை ஆட்டத்தை 1991-இல் வெளியிட்டது. காசு போட்டு ஆடும் இயந்திரம். அதுவரை பெரும்பாலும் இயந்திரத்தோடு மோதிப் புள்ளி சேர்ப்பதே ஆட்டமாக இருந்தது. இதில் இரண்டு மனிதர்கள் தோளோடு தோள் நின்று ஒருவரையொருவர் வீழ்த்தினார்கள். உலகெங்கும் அது பிடித்துக்கொண்டதற்கு இதுவே முக்கியக் காரணம்.

தேர்ந்தெடுக்க எட்டு உடல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டுக் கொடி. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இரண்டிரண்டு பேர். சீனா, பிரேசில், சோவியத் யூனியன், இந்தியா ஆகியவற்றுக்கு ஆளுக்கொருவர். அதே வருஷம் டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்துபோனது. ஆட்டத்தின் வரைபடத்தில் மட்டும் அது மிச்சமிருந்தது.

இந்தியாவுக்குக் கிடைத்த உடல் தால்சிம் என்கிற யோகி. எலும்பும் தோலுமாக, மொட்டைத்தலையோடு, கழுத்தில் மண்டையோடுகளை மாட்டிக்கொண்டு நிற்பார். கைகால்கள் ரப்பராக நீளும், வாயிலிருந்து நெருப்பு வரும், பின்னால் யானைகள் பிளிறும். எட்வர்ட் சைத் 1978-இல் எழுதிய 'ஓரியண்டலிசம்' நூலை இதன்மேல் வைத்துப் பார்ப்பது சுலபம். ஆனால் இது மேற்கின் பார்வை மட்டுமல்ல. கைகள் நீளும் இந்திய யோகி 1976-இன் 'மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்' என்ற சீனமொழிப் படத்திலேயே இருக்கிறார். கிழக்கும் கிழக்கை இப்படித்தான் பார்த்திருக்கிறது.

1994-இல் ஹாலிவுட் இதைப் படமாக்கியபோது தால்சிம் ஒரு விஞ்ஞானியானார். நடித்தவர் ரோஷன் சேத். அட்டன்பரோவின் 'காந்தி'யில் நேருவாக வந்தவர். ஒன்று சாமியார், இல்லாவிட்டால் விஞ்ஞானி. இந்திய உடலுக்கு வேறு இருக்கை ஒதுக்கப்படவில்லை.

2

இவ்வளவும் சரி. ஆனால் சங்கரன்கோவிலில் நாங்கள் தால்சிமைப் பார்த்ததே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவுக்கு வந்தது நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற 1983-ஆம் வருஷத்துப் பெட்டியின் நகல். சென்னையிலிருந்து அண்ணன் ஒருவர் வாங்கி வந்தார். அந்தப் பெட்டிக்குக் கேப்காம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ஐ வெளியிடவே இல்லை. கள்ள கேசட் தயாரித்தவர்கள் தாங்களாகவே அதைச் சுருக்கிச் செய்தார்கள். எட்டுப் பேரையும் அடைக்க முடியாமல் நாலைந்து பேரோடு நிறுத்திக்கொண்டவை உண்டு. எங்களிடம் வந்தது அப்படி ஒன்று. கைல், சுன்-லீ, ரஷ்ய மல்லன் எல்லாரும் இருந்தார்கள். இந்தியன் கழித்துவிடப்பட்டிருந்தான்.

நம் கோட்பாட்டு எழுத்தில் 'பிரதி' என்றால் வாசிப்புக்குரிய எழுத்து. கடைத்தெருவில் பிரதி என்றால் நகல். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மூலத்தைப் பார்க்காதவனுக்கு நகல்தான் மூலம். எனவே தால்சிமின் பிம்பத்தைக் கண்டிக்கும் விமர்சனம் எவ்வளவு நியாயமானாலும், அந்தப் பிம்பம் எட்டாத ஊரின் அனுபவத்தை அது பேச முடியாது. இழிவாகக் காட்டப்படுவது ஒரு வகை அதிகாரம். இடம் போதாதபோது முதலில் கழிக்கப்படுவது இன்னொரு வகை.

3

அமெரிக்காவில் 1993 டிசம்பரில் செனட் விசாரணையே நடந்தது. 'மார்ட்டல் காம்பாட்' ஆட்டத்தின் ரத்தம் அதில் பெரிய பேச்சு. எங்கள் தெருவில் ரத்தம் யாருக்கும் பிரச்சினையாக இல்லை. பிக்சர் டியூப் போயிரும், கரண்ட் பில் ஏறும், கண்ணு கெட்டுரும் என்றுதான் பெரியவர்கள் சத்தம்போட்டார்கள். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே நாங்கள் கேசட்டை ஊதி ஊதிச் சொருகினோம்.

விலக்கல் கேசட்டோடு நிற்கவில்லை. ஆடுகிறவர்கள் எல்லாரும் பையன்கள். அக்கா நிலைப்படியில் நின்று பார்ப்பாள். ஒருநாள் கட்டையை நீட்டிக் கேட்டாள். "ஏட்டி, ஒனக்கு எதுக்கு சண்ட?" என்றான் ஒருத்தன். "அதுல ஒரு பொம்பள அடிக்கத்தான செய்யுதா?" என்றாள். அசல் ஆட்டத்தின் எட்டுப் பேரில் ஒரே பெண் சுன்-லீ; எங்கள் நகலிலும் அவள் தப்பியிருந்தாள். அவளை வைத்து ஆட எங்களுக்குக் கூச்சமில்லை. அக்காவுக்கு முறை கொடுக்கத்தான் மனசு வரவில்லை. கொடுக்காதவர்களில் நானும் ஒருவன்.

இந்த ஊரின் தலபுராணமே ஒரு போட்டியில்தான் தொடங்குகிறது. சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் வாதாடின. கோமதியம்மன் தவமிருக்க, இரண்டு தெய்வமும் ஒரே உடலாகக் காட்சி தந்தார்கள் என்பது கதை. ஆடித்தபசு அதன் நினைவு. ஜெயித்தவர் யாருமில்லை. ஆனால் அந்தக் கதையிலும் தவம் செய்தவள் பெண், வாதாடியவர்கள் ஆண்கள்.

தால்சிம் ஏன் இல்லை என்று யாரோ தயாரித்த கேசட்டிடம் கேட்பது சுலபம். அக்காவின் கையில் கட்டை ஏன் போகவில்லை என்பதை எங்களிடம்தான் கேட்க வேண்டும்.