எந்த டிவி வாங்கலாம்? – ஐம்பது ஆண்டுக் கதை



"சார், ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு ஒரு நல்ல டிவி வாங்கிக் கொடுக்கணும். எதை வாங்கலாம்?" வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நான் வாத்தியார் ஆயிற்றே! வரலாறு சொல்லாமல் விடைக்கு வர மாட்டேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னை நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15 அன்று. ஒரே சேனல், கறுப்பு வெள்ளை, அதுவும் சில மணி நேரம்தான்.

அன்று கடையில் இருந்தவை சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர், ஐதராபாத் அரசு நிறுவனத்தின் இ.சி. டிவி போன்றவை. மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, சிலவற்றுக்குப் பூட்டும் உண்டு! விலையோ ஒரு வாத்தியாருக்குப் பல மாதச் சம்பளம். அதோடு ஆண்டுதோறும் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் வேறு.

ஆனால் தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் பெட்டியைவிட முக்கியமானது மொட்டை மாடிதான். ஒளிபரப்பு நிலையம் கடற்கரைப் பக்கம். நாம் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருந்தோம். மாடியில் ஒருவர் ஆன்டெனா குழாயைத் திருப்புவார். கீழே இருந்து "தெரியுது... தெரியுது... போச்சு!" என்று குரல் வரும். காக்கை வந்து உட்கார்ந்தாலும் படம் ஆடும். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் படமே சுருங்கும். அதனால் ஸ்டெபிலைசர் இல்லாமல் டிவி இல்லை. பெட்டிக்கு மட்டும் செலவழித்து ஆன்டெனாவில் சிக்கனம் பிடித்தவர்கள் புள்ளி புள்ளியாகத்தான் பார்த்தார்கள்.

1982இல் ஆகஸ்ட் 15 சுதந்திர தின விழாவும் நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியும் வண்ணத்தில் வந்தன. ஆனாலும் பழைய பெட்டிகள் வீணாகவில்லை. வண்ண ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளையில் காட்டின. அதனால்தான் நம் தெருக்களில் பலர் அவசரப்படாமல், விலை இறங்கிய பிறகு கலர் டிவி வாங்கினார்கள். புதிதாக ஒன்று வந்தவுடனே ஓடிப்போய் வாங்க வேண்டியதில்லை என்பது அன்றே தெரிந்த பாடம்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. தெருத்தெருவாகக் கேபிள் ஒயர் வந்தது. சில சேனல்களுக்கு மட்டும் இடம் வைத்த பழைய திருகு பெட்டிகள் போதவில்லை. ரிமோட் உள்ள டிவிக்கு மாறினோம். 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் தேவைப்பட்டது. வீட்டில் இரண்டாவது ரிமோட் நுழைந்தது அப்போதுதான்.

2006 செப்டம்பரில் தமிழக அரசு 14 அங்குல இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013இல் தீர்ப்பானது. அரசியலை விடுங்கள். பெட்டி இலவசம், ஆனால் கேபிள் கட்டணம் மாதாமாதம் வீட்டுக்காரர் தலையில். பிறகு 2011இல் அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கொடுத்தபோதுதான் பலருக்கு மூச்சு வந்தது.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனித்தீர்களா? எந்தக் காலத்திலும் டிவி என்பது பெட்டி மட்டும் இல்லை. வீட்டுக்குள் என்ன வருகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அன்று ஆன்டெனா, பிறகு கேபிள், இன்று இன்டர்நெட். ஆகவே இந்த வரிசையில் யோசியுங்கள்:

1. பெற்றோர் பார்ப்பது கேபிளா, ஓடிடியா? சாதாரண கேபிள் படம் பெரிய 4கே திரையில் மங்கலாகத்தான் தெரியும். வீட்டில் நல்ல இன்டர்நெட் இல்லாமல் ஸ்மார்ட் டிவி வாங்குவது, ஆன்டெனா இல்லாமல் டிவி வாங்கிய கதைதான்.

2. நாற்காலியிலிருந்து சுவர் வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். திரையின் மூலைக்கு மூலை அளவைப்போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு தூரம் இருக்கலாம். சாதாரண கேபிள் என்றால் இரண்டரை மடங்கை ஒட்டி வையுங்கள். 7 அடி தூரத்துக்கு 32 அங்குலமே போதும். நல்ல எச்டி, 4கே படம் என்றால் 43 தாராளம். கடையின் பெரிய ஹாலில் சின்னதாகத் தெரிவது நம் வீட்டுச் சுவரை அடைத்துக்கொள்ளும்.

3. சர்வீஸ் ஆள் தாம்பரத்துக்கு வருவாரா? வாரன்டி முடிந்தபின் பேனல் உடைந்தால் என்ன விலை? வாங்கும் முன்பே கேளுங்கள். பழைய பெட்டிகளை ரிப்பேர் செய்து பல வருடம் ஓட்டினோம். இப்போது பேனல் போனால் கிட்டத்தட்ட டிவியே போன மாதிரி.

4. தரைத்தளம் என்றால் சுவரில் உயர்த்தி மாட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகள் பட்ட பாட்டை மறக்க வேண்டாம்.

5. கடைசியாக, ரிமோட். இதுதான் முக்கியம். பல ஸ்மார்ட் ரிமோட்டுகளில் எண் பொத்தானே கிடையாது. மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்த 55 அங்குல டிவியை, "ஏதோ தப்பா அமுக்கிடுவேன்" என்று பயந்து போடாமலே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். பகலெல்லாம் தனியாக இருப்பவர்களுக்கு டிவி வெறும் பொழுதுபோக்கு இல்லை, பேச்சுத்துணை. அந்தத் துணையை எடுத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பாவையும் அம்மாவையும் கடைக்கு அழைத்துப் போங்கள். ரிமோட்டை அவர்கள் கையில் கொடுங்கள். யார் உதவியும் இல்லாமல் அவர்களே போட்டு, சேனல் மாற்றி, நிறுத்தட்டும். எந்த டிவியில் அது முடிகிறதோ, அதை வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் முதன்முதலில் வந்த டிவி எது, எந்த வருடம்? கீழே எழுதுங்கள். படிக்க ஆசை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்